மின்னஞ்சலில் வரும் புதிய கணக்கு எண்

(அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் அங்கத்தினர்களில் பலர் ஓய்வு பெற்ற பின் கேட்டரிங், பதிப்பகம், ஆலோசனை நிறுவனம் என்று சிறு தொழில் நடத்துகிறார்கள். சிலர் பிள்ளைகளின் கம்பெனிக் கணக்கு வழக்குகளைக் கவனித்துக் கொள்கிறார்கள். ஆர்டர், பில், ரசீது எல்லாமே இன்று மின்னஞ்சலில்தான். ஆகவே இந்த விஷயத்தைப் பேச எடுத்துக்கொண்டேன்.

குப்பை அஞ்சல் புதிதல்ல. 1978-லேயே அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அதிகாரி சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி, எல்லோருடைய கோபத்தையும் சம்பாதித்துக் கொண்டார். இன்று அப்படிப்பட்டவற்றை ஸ்பாம் ஃபில்டர் பெரும்பாலும் பிடித்துத் தனியே போட்டுவிடுகிறது. அது தொல்லை, அவ்வளவே. ஃபில்டரில் சிக்காமல் வரும் கடிதம்தான் ஆபத்து.

காரணம் என்ன? மின்னஞ்சலை எடுத்துச் செல்லும் எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறை 1982-ல் வகுக்கப்பட்டது. அனுப்புபவர் உண்மையில் யார் என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. இன்லண்ட் லெட்டரின் பின்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதித் தபால்பெட்டியில் போடலாம் அல்லவா? அதே கதைதான். பின்னாளில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று சோதனைகள் வந்தன. சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் இவற்றை அவசியம் அமைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் முகவரியைப் போட்டுப் பிறர் கடிதம் அனுப்புவதை இவை பெரும்பாலும் தடுக்கும்.

ஆனால் இதோடு தீரவில்லை. புனேயில் ஒரு தொழிற்சாலை, ராஜ்கோட்டிலிருந்து உதிரி பாகங்கள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ராஜ்கோட்காரரின் பாஸ்வேர்டைத் திருடியவன் அவசரப்படுவதில்லை. கடிதங்களைப் படித்துக்கொண்டே காத்திருக்கிறான். பில் போகும் சமயத்தில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்" என்று அவர் பெட்டியிலிருந்தே எழுதுகிறான். வைரஸ் இல்லை, லிங்க் இல்லை. மூன்று சோதனைகளிலும் தேறிவிடும். பெட்டி கைக்கு வராவிட்டால், ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டு, அதே போன்ற முகவரியை உண்டாக்குகிறான். நம் வயதுக் கண்களுக்கு வித்தியாசம் தெரியுமா?

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று எண்ண வேண்டாம். 2013 முதல் 2015 வரை கூகுள், ஃபேஸ்புக் இரண்டுமே, ஒரு தைவான் கம்பெனியின் பெயரில் வந்த போலி பில்களுக்கு 12 கோடி டாலருக்கு மேல் செலுத்தின. ஏமாற்றிய லிதுவேனியா நாட்டவருக்கு 2019-ல் நியூயார்க் நீதிமன்றம் ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

செய்ய வேண்டியவை:

1. கணக்கு எண் மாற்றம் என்று கடிதம் வந்தால், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தக் கடிதத்திலுள்ள எண்ணில் கேட்டால் திருடனே பதில் சொல்வான்.

2. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் கணக்கு எண்ணை வைத்தே பணம் வரவாகிறது. பெறுபவர் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் அளிக்குமாறு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தப் பெயரைப் படித்த பிறகே பணம் அனுப்புங்கள்.

3. அஞ்சல் பெட்டிக்கு இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள். ஒரே பாஸ்வேர்டை ஊழியர் அனைவருக்கும் தராதீர்கள். உங்கள் கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி யாராவது செட்டிங்கில் மாற்றியிருக்கிறார்களா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

4. பணம் போய்விட்டால் மானம் கருதி மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்குச் சொல்லி, 1930 என்ற எண்ணிலும் புகார் செய்யுங்கள். கைமாறுவதற்குள் தெரிந்தால் பணத்தை முடக்க வழியுண்டு. அந்தக் கடிதத்தை அழித்துவிடாதீர்கள், அதுவே சாட்சியம்.

சர்க்கார் அலுவலகங்களில் பில் தயாரிப்பவர் ஒருவர், அதைப் பாஸ் செய்பவர் வேறொருவர். தாமதம் என்று பலர் கேலி செய்வார்கள். அந்தத் தாமதத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. "அவசரம், இன்றே அனுப்புங்கள்" என்று எழுதுபவருக்குத்தான் நாம் மிகவும் நிதானமாகப் பதில் எழுத வேண்டும்.