மாலை கழற்றிய மறுநாள்

(நீலசந்திராவில் ஞாயிறு மாலை நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கார்த்திகை பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கூட்டத்தை இன்று கூட்டினோம். முதல் தேதி அன்று நம் தெருக்களில் கறுப்பு வேட்டி கட்டிக்கொண்டு எத்தனை பேர் இறங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று வரை கடை வாசலில் நின்றவர் இன்று "சாமி" ஆகிவிடுவார். நாற்பத்தொரு நாள் ஒரு சொட்டு கிடையாது. பீடியைக்கூட விட்டுவிடுவோர் உண்டு. ரமலானில் இதே நீலசந்திராவில் நோன்பிருக்கும் அண்ணன் தம்பிகளைப் பார்க்கிறோம். தவக்காலம் வந்தால் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிறவர்களில் நாற்பது நாள் பாட்டிலைத் தொடாதவர்களும் நமக்குத் தெரிந்தவர்களே.

ஆகவே, "எங்களால் விட முடியாது" என்று நம் ஆட்கள் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. விட முடிகிறது. ஆண்டுதோறும் விட்டுக் காட்டுகிறார்கள். எங்கள் கேள்வி மாலையைக் கழற்றிய மறுநாளைப் பற்றியது.

அந்த நாற்பத்தொரு நாளும் அவரைக் காப்பது எது? தெய்வ பயம் என்பீர்கள். இருக்கலாம், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. மாலை போட்டவருக்கு யாரும் ஊற்றிக் கொடுப்பதில்லை. வேலை முடிந்ததும் மேஸ்திரி அவரைக் கடைப்பக்கம் அழைப்பதில்லை. வீட்டில் முதல் சோறு அவருக்கு. பெற்ற பிள்ளையே "சாமி, சாப்பிடுங்க" என்கிறது. ஆண்டு முழுவதும் "டேய்" என்று கூப்பிட்ட தெரு, அந்த நாற்பத்தொரு நாள் மரியாதை கொடுத்துக் கூப்பிடுகிறது. குடிக்காமல் இருக்கும் மனிதனுக்குத் தெருவே காவல் நிற்கிறது. மாலையைக் கழற்றிய அன்று மாலையோடு அந்த மரியாதையையும் கழற்றி வைத்துவிடுகிறோம். மறுநாள் கூட்டாளிகள் பாட்டிலோடு காத்திருக்கிறார்கள், "இத்தனை நாள் கட்டுப்பாடா இருந்தியே, இன்னிக்கு நம்ம செலவு" என்று. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தக் கூட்டாளிகளில் நாமும் இருந்திருக்கிறோம்.

இதைவிடப் பெரிய தவறொன்றையும் நாம் செய்திருக்கிறோம். அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதிப் பெயிண்டர் ஒருவர் மாலை போட்டார். காலையில் பல் விளக்குமுன் ஊற்றிக்கொள்ளாவிட்டால் பிரஷ் பிடிக்க முடியாத நிலை அவருக்கு. முதல் நாள் கை நடுங்கியது. பனி என்றார்கள். இரண்டாம் இரவு தூங்கவில்லை, வியர்த்துக் கொட்டியது. விரதம் கடினம் என்றார்கள். மூன்றாம் நாள் மாலை பஜனையில் உடம்பு உதறிக் கீழே விழுந்தார். எழுந்ததும் சுவரில் இல்லாத எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, செத்துப்போன அப்பாவோடு பேச ஆரம்பித்தார். "ஐயப்பன் இறங்கிவிட்டார்" என்று கற்பூரம் கொளுத்தினோம். கொளுத்தியவர்களில் நாங்களும் இருந்தோம். நள்ளிரவுக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் ஓர் அக்கா வந்து பார்த்துவிட்டு, "இது சாமியும் இல்ல, பூதமும் இல்ல. குடிய ஒரேயடியா நிறுத்துனதால வந்தது. ஆட்டோ கூப்பிடுங்க" என்று அதட்டினார். ஆள் பிழைத்தார். இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பெயிண்டர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேரைச் சொல்லக்கூடாது என்பதும் அவர் உத்தரவு, கதையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதும் அவர் உத்தரவு.

டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். வாரத்துக்கு ஒருமுறை குடிப்பவர் நாளைக்கே விடலாம், பெரும்பாலும் ஆபத்தில்லை. தினமும் நிறையக் குடித்து, காலையிலேயே கை நடுங்குபவர் கதை வேறு. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் புத்தி தடுமாறி இல்லாதது தெரியலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்துச் சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். அந்தச் சில நாளைத் தாண்டிவிட்டால் பெரிய கண்டம் தாண்டியது போல.

இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் நிமான்ஸ், நமக்கு அருகில் ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. நாடெங்கிலுமிருந்து அங்கே வருகிறார்கள். பக்கத்திலிருக்கும் நாமோ, "அங்கே போனால் பைத்தியம் என்பார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள்" என்று தயங்குகிறோம். குடித்துவிட்டு ரோட்டில் கிடப்பவனுக்குப் பெண் கொடுத்த தெருதானே இது!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கலாம்" என்று மருந்து விற்கிறார்கள். வாங்காதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை ஒன்று உண்மையாகவே உண்டு. அதைச் சாப்பிடுகிறவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டும். தெரியாமல் கொடுத்து, அவர் மேலே குடித்தால், வாந்தி, மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம் சரிந்து சாவு வரை போகக்கூடும். பழி உங்கள் தலையில் விழும்.

"கடையை மூடச் சொல்லாமல் மாதக் கணக்குப் பேசுகிறீர்களே" என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன் மறியல் செய்த வரலாறு உள்ள இனம் நாம். ஆனால் இந்த நகரத்தில் நடந்ததையும் பாருங்கள். 1981 ஜூலையில் பெங்களூரில் விஷச் சாராயம் குடித்து 300 பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது அரசு அனுமதித்த சாராயக் கடைகள் திறந்தே இருந்தன. 2007 ஜூலை 1 முதல் கர்நாடகத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது, பாக்கெட் சாராயம் ஒழிந்தது. அடுத்த ஆண்டு மே மாதமே பெங்களூர், கோலார், கிருஷ்ணகிரிப் பக்கம் 150 பேருக்கு மேல் பலி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். அங்கே டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் மலிவைத் தேடிப் போன கூலிக்காரன்தான் செத்தான். மெத்தனால் முதலில் கண்ணைப் பறிக்கிறது, பிறகு உயிரை.

அரசைக் கேள்வி கேட்பதை நாங்கள் விடப்போவதில்லை. மதுவில் கர்நாடக அரசுக்கு ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் கலால் வருமானம். அதில் நம் தெருவின் பங்கு எவ்வளவோ! அந்தப் பணத்தில் ஒரு துளியை எடுத்துப் பேட்டைக்கு ஒரு சிகிச்சை மையம் வையுங்கள் என்று மனு எழுதியிருக்கிறோம். வெளியே மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

இங்கிலாந்தில் 2013 முதல் ஜனவரி மாதம் குடிக்காமல் இருப்பதை ஓர் இயக்கமாகவே நடத்துகிறார்கள். ஒரு மாதம் விட்டவர்களுக்கு எடையும் இரத்த அழுத்தமும் குறைந்ததை லண்டன் டாக்டர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாளுக்கு இருநூறு ரூபாய் என்று வைத்தாலும் நாற்பத்தொரு நாளுக்கு 8,200 ரூபாய். பிள்ளையின் ஸ்கூல் பீஸ் பாக்கி எவ்வளவு என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

சங்கம் செய்யப்போவது இதுதான். கார்த்திகை முதல் தேதியிலிருந்து நாற்பத்தொரு நாள். மாலை போடுகிறவர் போடட்டும், போடாதவர் பெயரை மட்டும் கொடுக்கட்டும். எந்த மதமானாலும் சரி. காலையில் கை நடுங்குபவர் முதல் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், தாமாக நிறுத்தவும் வேண்டாம். நாளைக்கே எங்களிடம் வாருங்கள், டாக்டரிடம் கூட்டிப் போக இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். லீவு போட்டால் ஒருநாள் கூலி போகும் என்பவருக்குச் சங்க நிதியிலிருந்து கொடுப்போம். சனிக்கிழமை சம்பள நாள் மாலை ஆறு மணிக்கு இங்கே டீயும் கேரம் போர்டும் இருக்கும்.

நாற்பத்திரண்டாம் நாளுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அன்று இரவு இங்கேயே சாப்பாடு. கூட்டாளிகளும் வரவேண்டும், பாட்டில் இல்லாமல். நடுவில் தவறிவிட்டவரும் வரலாம். அந்தப் பெயிண்டர் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அதே ஆண்டில் இரண்டு முறை தவறினார். மூன்றாவது முறை நாங்கள் அவரைத் திட்டவில்லை, வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தோம். பெயர் எழுதும் நோட்டு இன்று அவர் கையில்தான் இருக்கிறது. கதவுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.