சுவருக்குள் இருக்கும் தண்ணீர்



இன்று நாம் சுவரைப் பற்றிப் பேசுவோம். வீட்டுச் சுவரில் பெயின்ட் ஏன் உரிகிறது? அதை எப்படிச் சரி செய்வது? செய்யும்போது பிள்ளைகளை எப்படிக் காப்பது? இதுதான் இன்றைய பேச்சு.

பண்டிகை வருகிறது. கையில் உள்ள பணத்தைப் போட்டு ஒரு டப்பா பெயின்ட் வாங்குகிறோம். உரிந்த இடத்தின் மேலேயே அடிக்கிறோம். சுவர் பளபளக்கிறது. அடுத்த மழை வருகிறது. அதே இடத்தில் பெயின்ட் கொப்பளிக்கிறது. அப்பளம் போல உடைந்து விழுகிறது. போட்ட பணமும் அதோடு போகிறது.

பல வீடுகளில் குற்றம் பெயின்டில் இல்லை. சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. அதை நிறுத்தாமல் எத்தனை முறை அடித்தாலும் உரியத்தான் செய்யும்.

நம் ஊரில் தண்ணீருக்குக் குறைவில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கொச்சியில் சுமார் 3,000 மில்லிமீட்டர். ஜூனில் இடவப்பாதி. அக்டோபரில் துலாவர்ஷம். தேவரா ஆனாலும் மட்டாஞ்சேரி ஆனாலும் காயல் பக்கத்தில்தான். கும்பளங்கி, இடக்கொச்சி பக்கம் விருச்சிக மாத வேலியேற்றத்தில் உப்புத் தண்ணீர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

செங்கல்லும் வெட்டுக்கல்லும் தண்ணீரை உறிஞ்சும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சுவரில் தண்ணீர் ஏறும். அதோடு உப்பும் ஏறும். தண்ணீர் காற்றில் காய்ந்து போகும். உப்பு அங்கேயே தங்கும். அது மணி மணியாக வளரும். பெயின்டைப் பின்னாலிருந்து தள்ளும். சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது இந்த உப்புதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

உரிந்த இடமே வழி சொல்லும். தரையை ஒட்டி உரிந்தால், மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. மேலே உரிந்தால், கூரையில் விரிசல் இருக்கலாம். ஜன்னலைச் சுற்றி உரிந்தால், அங்கே மழைநீர் இறங்குகிறது. குளியலறைக்குப் பின்சுவரில் உரிந்தால், குழாயைப் பாருங்கள்.

சந்தேகமா? ஓர் எளிய சோதனை உண்டு. ஓர் அடி நீள அகலமுள்ள பிளாஸ்டிக் தாளை எடுங்கள். நான்கு ஓரமும் டேப் வைத்துச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் துளித்திருந்தால், ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் துளித்திருந்தால், அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள்.

முதலில் விரிசலை அடையுங்கள். குழாயைச் சரி செய்யுங்கள். சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை அகற்றுங்கள். மழைநீர் சுவரை விட்டு விலகி ஓட வழி செய்யுங்கள். வாடகை வீடு என்றால், வீட்டுக்காரரிடம் பெயின்ட் கேட்காதீர்கள். ஒழுகலை நிறுத்தித் தரும்படி கேளுங்கள்.

மட்டாஞ்சேரியில் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் பல உண்டு. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ளே உள்ள ஈரம் அதன் வழியே வெளியேறும். அதன் மேல் சிமென்ட் பூசி, எண்ணெய் பெயின்டும் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டுப் போகும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதே நல்லது. செலவும் குறைவு.

சுரண்டும் முன் இதைக் கேளுங்கள்

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. நான் சொல்வது காரீயம். கதவு, ஜன்னல், கம்பிகளுக்கு அடித்த பழைய எனாமல் பெயின்டில் இது அதிகம். பார்த்தால் தெரியாது.

உரிந்த செதிலைக் குழந்தை எடுத்து வாயில் வைக்கும். தூசி தரையில் படியும். தவழும் குழந்தையின் கையில் ஒட்டும். ஈயம் உடலில் சேர்ந்தால் மூளை வளர்ச்சி கெடும். படிப்பு ஏறாது. இரத்த சோகை வரும். கர்ப்பிணிகளுக்கும் கேடு. இவ்வளவு ஈயம் உடம்பில் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே பழைய பெயின்டை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு சுரண்டுங்கள். நெருப்புக் காட்டி எரிக்கவே கூடாது. புகையிலும் ஈயம் வரும். முகத்தில் துணி கட்டினால் மட்டும் போதாது. மெல்லிய தூசி துணிக்குள்ளும் நுழையும். வேலை முடியும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்கு வர வேண்டாம். கீழே பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். விழுந்ததை அதோடு சுருட்டிப் பையில் கட்டுங்கள். காயலிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். பெயின்ட் வேலைக்குப் போகும் அண்ணன்மார்களே, அந்தத் துணியோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். குளித்த பிறகு தூக்குங்கள்.

இனி பெயின்ட் அடிக்கலாம்

மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஒட்டாத பெயின்டை எல்லாம் நனைத்து எடுங்கள். சுவர் நன்றாகக் காயட்டும். உப்புப் பூத்தால் மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். உள்ளங்கையால் சுவரைத் தடவுங்கள். மாவு போல ஒட்டினால் பழைய சுண்ணாம்பு கிளம்புகிறது என்று பொருள். அதை எடுக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் இரண்டும் சேர்ந்து உரியும்.

புதிதாகச் சிமென்ட் பூசிய இடத்தை 28 நாள் விடுங்கள். பிறகு பட்டி மெல்லியதாக. அடுத்து பிரைமர். அது காய்ந்த பின் பெயின்ட், இரண்டு முறை. மிச்சம் பிடிக்க அதிகத் தண்ணீர் கலக்காதீர்கள். கம்பியில் துரு இருந்தால், நனைத்துத் தேய்த்துத் துடைத்துக் காய வைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடியுங்கள்.

டப்பாவைப் படியுங்கள்

பெயின்டில் ஈயம் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் இந்திய அரசு விதி செய்தது. அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டப்பாவின் மேல் அதை அச்சிட வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தாலும் 90 என்ற எண்ணை நீங்களே தேடலாம். இல்லையென்றால் அந்த டப்பா வேண்டாம் என்று சொல்லுங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் கலப்பது, எத்தனை மணி நேரம் காய விடுவது என்பதும் அதில் இருக்கும்.

1990 பிப்ரவரி 4 அன்று நம் எறணாகுளம், நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அது பெருமைதான். பெருமை வீட்டுக்குள் வர வேண்டும் அல்லவா? நாம் கற்ற எழுத்து கையெழுத்துப் போட மட்டும் அல்ல. கடையில் நின்று டப்பாவைத் திருப்பிப் பார்க்கவும்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பெயின்ட் உரிந்த இடம் எது என்று பாருங்கள். அதன் பக்கத்தில் குழந்தையின் பாயோ தொட்டிலோ இருந்தால் இன்றே தள்ளிப் போடுங்கள். சுவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.