பர்னபா வைத்த பிணை

இன்று பட்டம் பெறும் இளம் ஊழியர்களே,

கிரேக்கம் கற்றுவிட்டீர்கள், சபை வரலாறு கற்றுவிட்டீர்கள். விரைவில் ஏதோ ஒரு சேகரத்தில் போய் இறங்குவீர்கள். அங்கே பிரசங்கம் செய்ய ஆள் கிடைக்கும். குறை சொல்ல ஆள் தேடவே வேண்டாம். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தத்தான் ஆள் கிடைப்பதில்லை. அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மனந்திரும்பிய சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் அவரை நம்பவில்லை. அவர்களைக் குறைசொல்ல முடியாது. வீடு வீடாகப் புகுந்து விசுவாசிகளைச் சிறைக்கு இழுத்துப்போன ஆள், வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று யாருக்குத்தான் தோன்றாது? சைப்ரஸ் தீவுக்காரரான பர்னபாதான் அவரை அப்போஸ்தலரிடம் கூட்டிப்போய், தமஸ்குவில் நடந்ததை எடுத்துச் சொன்னார். முதுகைத் தட்டி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். அவரோ, நிலத்தை விற்றுச் சபைக்குக் கொடுத்தவர் என்று தனக்கிருந்த நல்ல பெயரையே சவுலுக்காகப் பிணை வைத்தார். சவுல் ஏமாற்றியிருந்தால் பர்னபாவின் பெயரும் சேர்ந்தே போயிருக்கும்.

பிறகு அந்தியோகியாவில் வேலை பெருகியதும், தர்சுவுக்கே போய்ச் சவுலைத் தேடி அழைத்து வந்தார். அப்போஸ்தலர் நடபடிகளில் முதலில் பர்னபாவின் பெயர் முன்னே வரும். சில அதிகாரங்கள் கடந்ததும், பவுல் என்று அழைக்கப்படும் சவுலின் பெயரே பெரும்பாலும் முந்திக்கொள்ளும். தான் கைதூக்கிவிட்டவர் தன்னைத் தாண்டிப் போனதற்குப் பர்னபா முகம் சுளித்ததாக நடபடிகளை எழுதிய லூக்கா குறிப்பிடவில்லை. ஊழியத்தில் இதைவிடக் கடினமான பாடத்தை நான் அறியேன்.

அடுத்து மாற்கு. பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில் பெர்கேயிலிருந்து பாதியில் திரும்பிவிட்டவர். மறுபடி அவரைச் சேர்க்க முடியாது என்றார் பவுல். சேர்க்க வேண்டும் என்றார் பர்னபா. மாற்கு அவருக்கு உறவுக்காரர், ஆகவே பாசமும் கலந்திருக்கலாம். பவுல் பக்கமும் நியாயம் உண்டு. வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தார்கள். பர்னபா மாற்குவோடு சைப்ரசுக்குக் கப்பலேறினார். நடபடிகளில் அதற்குப்பின் அவர் பெயரே இல்லை. ஆனால் பிற்காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், மாற்கு ஊழியத்துக்குப் பயன்படுகிறவர், அவரை அழைத்துவா என்கிறார் பவுல். நான்கு சுவிசேஷங்களில் ஒன்றை எழுதியவர் இந்த மாற்குதான் என்பது திருச்சபையின் பழைய மரபு.

இங்கிலாந்தில் இதே வேலையை ஜான் நியூட்டன் செய்தார். ஒரு காலத்தில் அடிமைக் கப்பல் ஓட்டியவர், பின்பு குருவானவர். 1785இல் வில்பர்ஃபோர்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர், அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பத்தோடு அவரைத் தேடி வந்தார். விட வேண்டாம், அங்கேயே இருந்து பணி செய்யுங்கள் என்றார் நியூட்டன். 1791இல் அடிமை வணிகத்துக்கு எதிராக வில்பர்ஃபோர்ஸ் எடுத்த முயற்சி 88க்கு 163 என்ற வாக்குகளில் தோற்றது. சட்டம் நிறைவேறியது 1807இல். அதைப் பார்த்துவிட்டு அதே ஆண்டு டிசம்பரில் நியூட்டன் கண்மூடினார். அன்றைய ஒரு பேச்சின் பலனைக் காண 22 ஆண்டுகள்.

உங்கள் சேகரத்திலும் மாற்குகள் இருப்பார்கள். ஒரு பண்டிகைப் பாட்டில் தடுமாறியதால் பாடகர் குழுவைவிட்டு ஒதுங்கிய பையன், ஞாயிறு பள்ளியில் யாரோ கடிந்து பேசியதால் மறுபடி வராத ஆசிரியை. அறிவிப்பு நேரத்தில் எல்லாரையும் பொதுவாகப் புகழ்ந்துவிட்டால் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள். அந்தப் புகழ்ச்சியின் எடை சபையாருக்குத் தெரியும். வீடு தேடிப் போக வேண்டும். சேகரக் கமிட்டியில் அவர்களுக்காகப் பேச வேண்டும். பேசினால் நாலு பேரின் கோபம் உங்கள்மேல் திரும்பும். திரும்பட்டும்.

அதை இன்றே தொடங்கலாம். முதலாண்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்து, அரியரால் இன்று இந்த மேடைக்கு வரமுடியாமல் போன நண்பர் ஒருவர் இருப்பார். விருந்துச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.