மின்னேற்று நிலையம் யாருடையது?



யாழ்ப்பாணம் செல்லும் உல்லாசப் பயணிகள் பலரும் இந்த ஆனையிறவைக் கடந்தே போகின்றனர். நின்று நமது கடையில் தேநீர் அருந்துவோர் எத்தனை பேர்?

2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். 2025இல் தனியார் வாகன இறக்குமதித் தடை நீங்கியபின் மின்சார மோட்டார் வண்டிகள் பெருகி வருகின்றன. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வழியில் மின்னேற்ற நிற்கும் வண்டிக்கு, விரைவு இயந்திரத்திலும் அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அரைமணி நேரமே நமது செல்வம்! கருவாடும் உப்பும் பனம்பண்டமும் விலைபோகும் நேரம் அது. சுண்டிக்குளத்துப் பறவைகளைக் காண வழி கேட்கும் நேரம் அது.

பளையில் 2014 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்று நம்முடையது, வருவாயில் நமது பங்கு என்ன? மின்னேற்று நிலையத்திலும் அதே கதை நிகழலாமா?

ஆகவே, காணி பிரதேச சபையிடம் இருக்கட்டும். நிலையத்தைக் கமக்காரரும் கடற்றொழிலாளரும் கூட்டுறவு முறையில் நடத்தட்டும். நீரேரியில் ஒரு கூடை மண்ணும் கொட்டலாகாது. முதலீட்டாளர் வந்தால் வரவேற்போம். ஆனால் குத்தகைக் காலமும் இலாபப் பங்கும் எழுத்தில் இருக்கவேண்டும். காணி பற்றிய வாய்ச்சொல் சட்டத்தின் முன் நிற்காது என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் முதலே விதி.

கம்பி இழுக்குமுன் கேட்டால் அது உடன்படிக்கை. இழுத்தபின் கேட்டால் வெறும் மனு. இன்றே கேட்போம்!