தேங்காய் ஓடும் தலைக்கவசமும்

(அறநிதியின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "ஆன்மிகமாக ஏதாவது பேசுங்கள் ஐயா, ஆனால் அரை மணிக்கு மேல் போக வேண்டாம், சாப்பாடு ஆறிவிடும்" என்றார். இரண்டாவது நிபந்தனையை நிச்சயம் காப்பாற்றுவேன். முதலாவதற்கு உறுதி சொல்ல முடியாது. நான் சமயச் சொற்பொழிவாளன் அல்லன். தோட்ட மருத்துவமனையிலும் பிறகு பட்டணத்து மருத்துவமனையிலும் உதவியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது எலும்பும் தோலும் தையலும்தான். ஆகவே ஓடுகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இங்கே அமர்ந்திருக்கும் எல்லோரும் தேங்காய் உடைத்தவர்கள். தைப்பூசத்திற்கு முன்தினம் பினாங்கில் வெள்ளி ரதம் வரும் வழியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தமிழரும் சீனரும் தெருவோரம் மலைமலையாகத் தேங்காயைக் குவித்து வைத்து, ரதம் நெருங்கியதும் உடைக்கத் தொடங்கினால் சாலையே வெள்ளையாகிவிடும். அந்தத் தேங்காய் எதைக் குறிக்கிறது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஓடு நம்முடைய ஆணவம். அதை உடைத்தால் உள்ளே வெள்ளை மனம். அதை இறைவனுக்குப் படைக்கிறோம். நல்ல விளக்கந்தான். நானும் ஐம்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். ஆனால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும், ஓட்டின் பக்கம் நின்று பேச ஒருவர்கூட இல்லையே என்று எனக்குத் தோன்றும். இன்று அதற்கு நான் வக்காலத்து வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு தேங்காய் அறுபது, எழுபது அடி உயரத்திலிருந்து தரையில் விழுகிறது. நம்மில் யாராவது அப்படி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் ஏன் சிதறுவதில்லை? வெளியே மட்டை இருக்கிறது. அதன் நார் அடியை வாங்கி நசுங்குகிறது. அதற்குள்ளே ஓடு இருக்கிறது. மிச்சம் வந்த அடியை அது வளைந்த உடம்பு முழுவதும் பரப்பிவிடுகிறது. பருப்புக்கும் நீருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அதே மட்டையோடு கடலில் விழுந்தால் மிதந்து போய் வேறொரு கரையில் முளைக்கிறது. நாம் கோயிலில் ஒரே அடியில் உடைப்பது எதனால்? மட்டையை முதலிலேயே உரித்துவிட்டோம். உரிக்காத தேங்காயை உடைத்துப் பாருங்கள், ஆணவம் யாருக்கு என்பது தெரிந்துவிடும்!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓட்டில் மூன்று கண் இருக்கிறதல்லவா? அவற்றில் ஒன்று மட்டும் மென்மையானது. முளை அந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. இத்தனை கெட்டியான ஓடு, உள்ளே இருக்கும் உயிர் வெளியேற ஒரு வாசலை மட்டும் மெல்லியதாக விட்டு வைத்திருக்கிறது. கோழிமுட்டையும் அப்படித்தான். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள சுண்ணாம்பு ஓடு, மேலே உட்காரும் தாய்க்கோழியின் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் குஞ்சோ, அலகின் நுனியில் முளைத்திருக்கும் சிறு பல் போன்ற முனையால் கொத்தி அதை உடைத்துக்கொண்டு வருகிறது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு மற்றொரு ஓடு தெரியும். பால்மரத்துக் காய். வெயில் ஏறிய மத்தியானத்தில் 'பட்' என்று வெடித்து, மூன்று கொட்டையையும் தூரத் தெறிக்க விடும். லயத்துக் கூரையில் அது விழும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் கொட்டைகளைப் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து உள்ளங்கையால் அழுத்துவோம். யாருடையது உடைகிறதோ அவன் தோற்றான். சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்துப் பையன் தொடையில் சூடு வைப்பதும் உண்டு. (முன்வரிசையில் சிரிப்பவர்கள் எல்லாம் சூடு வைத்தவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.) பால் பிடிக்கும் மங்கு கிடைக்காத இடங்களில் தேங்காய்ச் சிரட்டையையே மரத்தில் கட்டிப் பால் பிடித்தார்கள். நம் முன்னோர் பிழைப்பில் பாதி, ஏதாவது ஓர் ஓட்டை நம்பித்தான் ஓடியது.

இவை எல்லாவற்றையும்விட விலை உயர்ந்த ஓடு நம் கழுத்துக்கு மேலே இருக்கிறது. குழந்தை பிறக்கும்போது மண்டையோடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. பல தகடுகளாக இருந்து, பிறக்கும் நேரத்தில் ஒன்றன் மேல் ஒன்று சற்றே ஏறி வழி விடுகிறது. அதனால்தான் உச்சியில் துடிக்கும் அந்த மெத்தென்ற குழி. பாட்டிமார் விளக்கெண்ணெய் வைத்துக் காத்த இடம் அது. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிக்கொள்கிறது. அதற்குள்ளே ஏறக்குறைய ஒன்றே கால் முதல் ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ள மூளை, நீரில் மிதந்துகொண்டு இருக்கிறது. தேங்காய்க்குள் பருப்பும் நீரும் போல என்று நானே பயிற்சித் தாதியருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு வேறுபாடு. நம் மண்டைக்கு மட்டை இல்லை. நாம் நடக்கும் வேகத்துக்கும் ஓடும் வேகத்துக்கும் அந்த ஓடு போதும். மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்துக்கு அது செய்யப்பட்டதல்ல. அந்த வேகத்தில் தலை எதிலாவது மோதினால் ஓடு நின்றுவிடும். உள்ளே மிதப்பது நிற்காது. அது போய் ஓட்டின் உட்புறத்தில் மோதும். வெளியே ஒரு சொட்டு இரத்தம் இல்லாமல் வந்து, விடிவதற்குள் போய்விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1935ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டி. இ. லாரன்ஸ் என்ற புகழ்பெற்ற படைவீரர் மோட்டார் சைக்கிளில் போனார். சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்கத் திருப்பினார், தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். அவர் அதை அத்தோடு விடவில்லை. மோட்டார் சைக்கிளில் போய்த் தலையில் அடிபட்டவர்களைப் பற்றி ஆராய்ந்து 1941இல் கட்டுரை எழுதினார். தலைக்கவசம் உயிர் காக்கும் என்று முதன்முதலில் கணக்கோடு காட்டியவர்களில் அவர் ஒருவர். நம் நாட்டில் 1973இல் சட்டம் வந்தது; இங்கிலாந்திலும் அதே ஆண்டுதான் கட்டாயமாக்கினார்கள். நம் மலேசியத் தர வரிசையில் 'எம்.எஸ். 1', அதாவது முதலாவது எண், எதற்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? வாகனமோட்டிகளின் தலைக்கவசத்திற்கு.

அந்தக் கவசத்தை அறுத்துப் பார்த்தால் அதுவும் ஒரு தேங்காய்தான், ஆனால் உள்வெளி மாறிய தேங்காய். ஓடு வெளியே, மட்டை உள்ளே. வெளி ஓடு பிளாஸ்டிக்கிலோ கண்ணாடி இழையிலோ இருக்கும். அடியைப் பரப்புவதும், கூரான பொருள் உள்ளே இறங்காமல் தடுப்பதும், சாலையில் வழுக்கிச் செல்வதும் அதன் வேலை. உண்மையில் உயிரைக் காப்பது அதற்குள்ளே இருக்கும் வெள்ளை நுரைப்பஞ்சு. புதுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு வருமே, கையில் எடுத்தால் உதிருமே, அந்த இனம். மோதும் நேரத்தில் அது நசுங்கிக் கொடுக்கிறது. அதனால் தலை நிற்பதற்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் அதிகம் கிடைக்கிறது. அந்தச் சில பங்கில்தான் சாவும் பிழைப்பும் இருக்கிறது. 2008இல் கோக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, தலைக்கவசம் மரண ஆபத்தை ஏறக்குறைய 42 விழுக்காடும் தலைக்காய ஆபத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது.

நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. ஒருமுறை அடி வாங்கிய கவசம் தன் கடமையை முடித்துவிட்டது. வெளி ஓடு மட்டும் பளபளவென்று இருக்கும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1992இல் மழைநாள் ஒன்றில், தோட்டத்துச் செம்மண் சாலையில் என் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. மதகின் ஓரத்தில் என் தலை மோதியது. எழுந்தேன், உடம்பைத் தடவிப் பார்த்தேன், பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன். தொப்பியில் ஒரு கீறல்; அவ்வளவுதான். துடைத்து ஆணியில் மாட்டினேன். இரண்டு வருடம் கழித்து, காலஞ்சென்ற என் அண்ணன் மகனுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பழைய கப்சாய் ஒன்று வாங்கினான். தொப்பிக்குப் பணம் போதவில்லை என்று அண்ணி சொன்னார். என் தொப்பியை எடுத்துக் கொடுத்தேன். "உன் சித்தப்பனைக் காப்பாற்றிய தொப்பிடா, இராசியானது" என்றும் சொன்னேன். மருத்துவமனையில் வேலை பார்த்தவன் சொன்ன வார்த்தை அது!

1995இல் சந்திலிருந்து பின்னோக்கி வந்த லாரி ஒன்றில் அவன் மோதினான். மெதுவாகத்தான் போயிருக்கிறான், வாரையும் பூட்டியிருக்கிறான். பதினேழு நாள் கண் திறக்கவில்லை. வார்டு மருத்துவர் அந்தத் தொப்பியின் உள்துணியைப் பிரித்து என்னிடம் காட்டினார். ஒரு பக்கத்தில் நுரை அப்பளம்போல் மெலிந்திருந்தது. அதில் ஒரு வெடிப்பு. அதன் ஓரங்களில் வியர்வைக் கறை ஏறிப் பழுப்பாகி இருந்தது. "இது நேற்றைய வெடிப்பு அல்ல" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அவன் பிழைத்தான். ஆனால் பேச்சு மெதுவாகிவிட்டது, வலது கை சரியாக வருவதில்லை. அண்ணியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடம் ஆனது. ஒரு தீபாவளிக்கு முதல்நாள், முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தவரிடம் சொன்னேன். அவர் அச்சைக் கீழே வைக்கவில்லை. "தெரியும் தம்பி. டாக்டர் அன்றைக்கே என்கிட்டயும் சொன்னாரு" என்றார். பிறகு, எண்ணெய் காய்ந்துவிட்டது, தட்டை நகர்த்துங்கள் என்றார்.

நீங்கள் உள்ளே வரும்போது வாசலில் உங்கள் செருப்பை ஒழுங்காக அடுக்கி வைத்தாரே, அவர்தான் என் அண்ணன் மகன். இதை மேடையில் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "சொல்லுங்க சித்தப்பா. ஆனா நான் வேகமா ஓட்டலேன்னும் சேர்த்துச் சொல்லுங்க" என்றான். சொல்லிவிட்டேன்.

2023ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே தாய்மார்கள் தயவுசெய்து கேளுங்கள். விழுந்த தொப்பியைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். விழாவிட்டாலும் ஐந்து வருடத்தில் மாற்றுங்கள். சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்கள். வாரைப் பூட்டினால் தாடைக்கும் வாருக்கும் இடையில் இரண்டு விரல்தான் நுழைய வேண்டும். பூட்டாத தொப்பி, விழுகிறவனுக்கு முன்னால் போய் விழுந்துவிடும். தின்னர் ஊற்றித் துடைக்காதீர்கள், அது ஓட்டைத் தின்னும்.

பக்தர்களுக்குத் தனியாக ஒரு சொல். முடியிறக்கி, தலையில் சந்தனம் பூசிய பிள்ளைகள், சந்தனம் கலைந்துவிடும் என்று கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதை ஒவ்வொரு தைப்பூசத்திலும் பார்க்கிறேன். சந்தனம் கலையட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். அதோடு, முடி போன தலையில் தொப்பி சற்றுத் தளரும். வாரை ஒரு பிடி இறுக்கிக்கொள்ளுங்கள்.

நம் அறநிதி ஆண்டுதோறும் வசதி குறைந்த மாணவர்களுக்குப் புத்தகப் பை கொடுத்து வருகிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போகிறவர்கள். பெரியவர்கள் தொப்பி அவர்கள் தலையில் பானைபோல் சுற்றுகிறது. பையோடு ஆளுக்கொரு சிறுவர் தலைக்கவசமும் கொடுக்கலாமே என்று செயலவையிடம் கேட்டேன், சம்மதித்தார்கள். முதல் இருபது என் ஓய்வூதியத்திலிருந்து. மிச்சத்துக்கான பதிவேடு சாப்பாட்டு மண்டப வாசலில் இருக்கிறது.

அந்தப் பதிவேட்டுக்குப் பக்கத்தில், நடுவில் அறுத்த தொப்பியின் இரண்டு பாதிகளை வைத்திருக்கிறேன். பழையதுதான், உங்களுக்குக் கதை தெரிந்த தொப்பி. அண்ணி இத்தனை காலம் வைத்திருந்து கொடுத்தார். நல்ல பக்கத்தையும் நசுங்கிய பக்கத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். அரை மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.