குத்தகையாளர் தம் பெயரை மறக்கலாமா?

ஜொகூரில் வீடு கட்டித்தரும் சிறு குத்தகையாளரை எண்ணிப் பாருங்கள். கட்டுமானத்துக்குக் காப்புறுதி எடுக்கிறார். ஆட்களுக்குச் சொக்சோ கட்டுகிறார். ஆட்களோடு சாரத்தில் ஏறும் அவருக்கு என்ன பாதுகாப்பு?

கட்டுமானக் காப்புறுதி, வேலைக்கு நேரும் சேதத்தையும் வெளியாருக்கு ஏற்படும் பாதிப்பையுமே கவனிக்கும். 1969-ஆம் ஆண்டின் சொக்சோ சட்டம் தொழிலாளர்களுக்கானது. 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். தனியாகத் தொழில் நடத்தும் முதலாளி அதில் தொழிலாளி ஆகமாட்டார்.

இந்தக் குறையைப் போக்குவது 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம். முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு வந்தது; 2020-இல் கட்டுமானத் துறைக்கும் விரிந்தது. சந்தா கட்டியவர் வேலையில் விபத்துக்குள்ளானால் சிகிச்சையும் உதவித்தொகையும் உண்டு. உயிரிழந்தால் குடும்பத்தாருக்கு உதவி கிடைக்கும்.

கூடுதலாகத் தனியார் விபத்துக் காப்புறுதி எடுப்போர், பாரத்தில் தொழில் என்னும் இடத்தில் உண்மையை எழுத வேண்டும். கட்டணம் குறையட்டுமென ‘அலுவலக வேலை’ என்று எழுதினால், சாரத்திலிருந்து விழும் நாளில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

ஆட்களின் பெயரைப் பதியும் கையோடு, தம் பெயரையும் பதியுங்கள்.