புதிய கருவி செய்தவருக்குக் காப்புரிமை



தோட்டத்தில் வேலை செய்பவர்கள் நாள்தோறும் கருவிகளோடு பழகுகிறவர்கள். பால்வெட்டுக் கத்தி கைக்கு ஒத்துவரவில்லை என்றால் அதைத் தட்டித் திருத்திக்கொள்வார்கள். செம்பனைக் குலை ஏற்றிய தள்ளுவண்டி சேற்றில் புதைந்தால் சக்கரத்தை மாற்றிப் பார்ப்பார்கள். மழைத் தண்ணீர் மங்கில் விழாமலிருக்க மரத்தில் எதையாவது கட்டிப் பார்ப்பார்கள். இப்படிச் செய்கிற மாற்றங்களில் பெரும்பாலானவை செய்தவரோடு நின்றுபோகின்றன. சில, பக்கத்துத் தோட்டத்துக்கும் பரவுகின்றன. அப்படிப் பரவிய ஒன்றை யாரோ ஒருவர் பட்டறையில் வைத்து நூற்றுக்கணக்கில் செய்து விற்கவும் கூடும். அப்போது முதலில் செய்தவர், "இது நான் கண்டுபிடித்தது, ஐயா" என்றால் யார் கேட்பார்கள்? சட்டம் கேட்கும். ஆனால், அவர் முன்கூட்டியே ஒரு காரியத்தைச் செய்திருக்க வேண்டும். அந்தக் காரியத்தைப் பற்றித்தான் இன்று நாம் பேசவிருக்கிறோம். அதற்குக் காப்புரிமை என்று பெயர். ஆங்கிலத்தில் பேட்டண்ட் என்றும் மலாயில் பேட்டன் என்றும் சொல்வார்கள்.

காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம் போன்றது. கண்டுபிடித்தவர் தம் கண்டுபிடிப்பை மறைக்காமல், மற்றவரும் படித்துச் செய்யக்கூடிய அளவுக்குத் தெளிவாக எழுதி அரசாங்கத்திடம் கொடுக்கிறார். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட காலம் வரை அந்தப் பொருளைச் செய்யவும் விற்கவும் பயன்படுத்தவும் இறக்குமதி செய்யவும் அவருக்கு மட்டுமே உரிமை உண்டு என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கிறது. மலேசியாவில் அந்தக் காலம், விண்ணப்பம் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அதற்குப் பிறகு அது பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் செய்து பிழைக்கலாம்.

இதன் அருமையை உணர, நம் வாழ்வோடு கலந்த ரப்பரின் கதையையே எடுத்துக்கொள்வோம். தொடக்க காலத்தில் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் கல்லாக இறுகும். அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் பல ஆண்டுகள் வறுமையில் கிடந்து ஆராய்ந்து, ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்கும் என்று 1839இல் கண்டார். ஆனால் உரிமையைப் பதிவு செய்வதற்கு முன்பே அவருடைய ரப்பர்த் துண்டுகள் இங்கிலாந்துக்குப் போய்விட்டன. அங்கே தாமஸ் ஹான்காக் என்பவர் அவற்றை ஆராய்ந்து, கந்தகம் சேர்ந்திருப்பதைக் கண்டுகொண்டார். தாமும் சோதனை செய்து, 1843இல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். குட்இயருக்கு அமெரிக்காவில் 1844இல் காப்புரிமை கிடைத்தது; இங்கிலாந்தில் கிடைக்கவில்லை. 1860இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய இரண்டு லட்சம் டாலர் கடன் இருந்தது. இன்று டயர்களில் நாம் பார்க்கும் குட்இயர் என்ற பெயர், 1898இல் வேறொருவர் தொடங்கிய நிறுவனம் அவர் நினைவாக வைத்துக்கொண்ட பெயர்தான். அவர் குடும்பத்துக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொடர்பில்லை.

இன்னொரு கதை, காற்றடைத்த டயரைப் பற்றியது. ஜான் பாய்ட் டன்லப் 1888இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டே ஆண்டுகளில் அது செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. காரணம், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845ஆம் ஆண்டிலேயே அதே கருத்தைப் பதிவு செய்திருந்தார். டன்லப் யாரிடமும் திருடவில்லை. தாமாகச் சிந்தித்துத்தான் செய்தார். இருந்தாலும் உலகத்துக்கு அது புதியதல்ல என்பதால் உரிமை நிலைக்கவில்லை.

இந்த இரண்டு கதைகளும் நமக்கு இரண்டு பாடங்களைச் சொல்கின்றன. பதிவு செய்வதற்கு முன் பொருளை வெளியே காட்டாதே என்பது ஒன்று. இதற்கு முன் யாரும் செய்யவில்லையா என்று தேடிப் பார் என்பது மற்றொன்று.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். முற்காலத்தில் இங்கே காப்புரிமை வேண்டுமென்றால் முதலில் பிரிட்டனில் பெற்று, பிறகு இங்கே பதிய வேண்டும். தோட்டத்துத் தொழிலாளிக்கு அது எட்டாத கனி. 1983ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 1986 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்ததும் அந்த நிலை மாறியது. இப்போது இந்தப் பணியைக் கவனிப்பது மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம். சுருக்கமாக மைஐபிஓ என்பார்கள். இதன் தலைமை அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது.

எதற்குக் காப்புரிமை கிடைக்கும்? மூன்று தகுதிகள் வேண்டும். முதலாவது, அது உலகில் எங்கும் இதற்கு முன் வெளிவராத புதுமையாக இருக்க வேண்டும். இரண்டாவது, அந்தத் தொழில் தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றிவிடாததாக இருக்க வேண்டும். மூன்றாவது, தொழிலில் செய்யவோ பயன்படுத்தவோ கூடியதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது தகுதிதான் கடினமானது. ஏற்கெனவே உள்ள கருவியைச் சிறிது மாற்றித் திருத்தியவருக்கு அது கைகூடாமல் போகலாம். அவர் மனம் தளர வேண்டியதில்லை. அவருக்காகவே, பயன்பாட்டுப் புத்தாக்கம் என்ற இன்னொரு சான்றிதழ் உண்டு. இதற்குப் புதுமையும் தொழிற்பயனும் இருந்தால் போதும். இரண்டாவது தகுதி தேவையில்லை. முதலில் 10 ஆண்டுகள் செல்லும். கண்டுபிடிப்பு வாணிப முறையில் பயன்பாட்டில் இருப்பதைக் காட்டினால், ஐந்தைந்து ஆண்டுகளாக இருமுறை நீட்டலாம். தோட்டத்துக் கருவிகளைத் திருத்துகிறவர்கள் இதை முக்கியமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதற்குக் காப்புரிமை கிடைக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இயற்கையில் இருப்பதைக் கண்டறிவது காப்புரிமைக்குரியதாகாது. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். முன்பு நம் பெண்கள் செம்பனைப் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவி வந்தார்கள். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டபிறகு அந்த வேலை தேவையற்றுப் போயிற்று. அந்த வண்டு மகரந்தத்தைச் சுமக்கிறது என்ற உண்மை ஓர் இயற்கைக் கண்டறிவு. அதற்கு உரிமை கேட்க முடியாது. ஆனால் மகரந்தம் தூவ ஒருவர் புதிதாக ஒரு கருவி செய்திருந்தால், அதற்குக் கேட்கலாம். அதுபோலவே புதிய செடி வகைக்கோ, வியாபாரம் செய்யும் திட்டத்துக்கோ, நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை முறைக்கோ இந்தச் சட்டத்தில் காப்புரிமை இல்லை.

இப்போது நம் குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயத்துக்கு வருகிறோம். வேலைக்காரர் கண்டுபிடித்தால் உரிமை யாருக்கு? அவருக்கா, முதலாளிக்கா?

ஆராய்ச்சி செய்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் கண்டுபிடித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்குப் போகும். ஆனால் பால் வெட்டுகிறவரும் குலை அறுக்கிறவரும் ஆலையில் இயந்திரம் பார்க்கிறவரும் கண்டுபிடிப்பதற்காக வேலைக்கு வந்தவர்கள் அல்லர். இவர்களில் ஒருவர், முதலாளியின் தொழில் சம்பந்தமாக, முதலாளி கொடுத்த தகவலையோ கருவிகளையோ பயன்படுத்தி ஒன்றைக் கண்டுபிடித்தால், அப்போதும் உரிமை முதலாளிக்கே போகும். ஆனால் கண்டுபிடித்தவருக்கு நியாயமான ஊதியம் கொடுத்தாக வேண்டும். தொகையில் இருவருக்கும் உடன்பாடு ஏற்படவில்லை என்றால் நீதிமன்றம் தீர்மானிக்கும். அவருடைய சம்பளம், கண்டுபிடிப்பின் மதிப்பு, அதனால் முதலாளி அடைந்த பயன் எல்லாவற்றையும் அது கணக்கில் எடுக்கும். இந்த உரிமையை எந்த ஒப்பந்தமும் குறைக்க முடியாது என்று சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. "கையெழுத்துப் போட்டுவிட்டாய், இனி ஒன்றும் கேட்க முடியாது" என்று யாராவது சொன்னால், அது சரியல்ல.

அதே மனிதர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, தம் சொந்தப் பணத்தில் இரும்பு வாங்கி, தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு, முதலாளி கொடுத்த தகவல் எதையும் பயன்படுத்தாமல் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நிலைமை வேறு, உரிமை அவருடையதாகும். ஆகவே இரும்பு வாங்கிய ரசீதைக்கூட எறிந்துவிடாதீர்கள். வேலை ஒப்பந்தத்தில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் ஒருமுறை படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இருவர் சேர்ந்து கண்டுபிடித்திருந்தால் உரிமையும் இருவருக்கும் உண்டு. "நீ கம்பியை மட்டும்தானே வளைத்தாய்" என்று பிறகு சண்டை போடுவதைவிட, யார் என்ன செய்தார் என்று தொடக்கத்திலேயே எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

சரி, பதிவு செய்வது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தோன்றிய எண்ணத்தையும் செய்த சோதனையையும் தேதி போட்டு எழுதிப் படம் வரைந்து வையுங்கள். நாளை யாராவது உங்கள் எண்ணத்தைத் திருடித் தம் பெயரில் பதிந்துவிட்டால், அதை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். காப்புரிமை வழங்கி ஐந்து ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். அப்போது இந்த நோட்டுப் புத்தகம் உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

இரண்டாவதாக, வாயைக் காத்துக்கொள்ளுங்கள். காப்பிக் கடையில் பெருமை பேசுவதும், கைபேசியில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புவதும், கண்காட்சியில் வைப்பதும் விண்ணப்பித்த பிறகு நடக்கட்டும். தாமே வெளியிட்டவருக்கு விண்ணப்பிக்க நம் சட்டம் ஓராண்டு தவணை தருகிறது. ஆனால் பல நாடுகள் அந்தச் சலுகையைத் தருவதில்லை. மேலும், இருவர் தனித்தனியாக ஒரே பொருளைக் கண்டுபிடித்திருந்தால், முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. ஆகையால் தவணையை நம்பிக் காலம் கடத்த வேண்டாம்.

மூன்றாவதாக, தேடிப் பாருங்கள். உலகக் காப்புரிமைப் பதிவேடுகளை இன்று இணையத்தில் காசில்லாமலே பார்க்கலாம். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுக்கலாம். டன்லப்புக்கு வந்த ஏமாற்றம் நமக்கு வராமலிருக்கும்.

நான்காவது, விண்ணப்பம். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும். விண்ணப்பப் பாரம், கண்டுபிடிப்பின் முழு விளக்கம், உரிமைக் கோரிக்கை, தேவையானால் வரைபடம், ஒரு சுருக்கம் ஆகியவை வேண்டும். இவற்றில் உயிரானது உரிமைக் கோரிக்கை. நிலத்துக்கு வேலி போடுவதுபோல, எதுவரை என்னுடையது என்று சொல்வது அதுதான். வேலியைக் குறுகப் போட்டால் மற்றவன் பக்கத்தில் நுழைந்துவிடுவான். அளவுக்கு மீறி அகலப் போட்டால் அலுவலகம் ஏற்காது. மலேசியாவில் வசிப்பவர் தாமே விண்ணப்பிக்கலாம். ஆனாலும் இந்தப் பகுதிக்கு மட்டுமாவது பதிவு பெற்ற காப்புரிமை முகவரின் உதவியை நாடுவது நல்லது. அவர் பெயர் பதிவில் இருக்கிறதா என்று கழகத்தில் விசாரித்த பிறகே பணம் கொடுங்கள்.

ஐந்தாவது, பரிசோதனை. விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிவதில்லை. அதை ஆராய்ந்து பார்க்கும்படி, விண்ணப்பித்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் தனியாகக் கேட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். இதை மறந்து கோட்டை விட்டவர்கள் உண்டு. நாள்காட்டியில் குறித்து வையுங்கள். பரிசோதகர் கேள்வி எழுப்பினால், குறித்த காலத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். முடிவு வரச் சில ஆண்டுகள்கூட ஆகலாம்.

உரிமை கிடைத்த பிறகும் கவனம் வேண்டும். ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் அது காலாவதியாகிவிடும். மலேசியக் காப்புரிமை மலேசியாவில் மட்டுமே செல்லும். வெளிநாட்டிலும் வேண்டுமென்றால், இங்கே விண்ணப்பித்த 12 மாதத்துக்குள் அங்கேயும் விண்ணப்பித்தால் முதல் தேதியே கணக்கில் வரும். ஒருவர் உங்கள் பொருளைத் திருட்டுத்தனமாகச் செய்து விற்றால், நீங்கள்தான் அவர் மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். அதற்குச் செலவு ஆகும். அதனால்தான் பலர் தாமே தொழில் நடத்தாமல், நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்து, விற்பனைக்கு இவ்வளவு என்று பங்கு வாங்கிக்கொள்கிறார்கள். உரிமையை ஒரேயடியாக விற்கவும் செய்யலாம். உரியவர் இறந்துவிட்டால் நிலம், வீடு போல அது வாரிசுகளைச் சேரும்.

நேயர்களே, காப்புரிமை பெற்றவர் எல்லாரும் பணக்காரர் ஆகிவிடுவதில்லை. வாங்க ஆள் இல்லாத பொருளுக்குச் சான்றிதழ் வாங்கிக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பது வீண். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ இதில் இறங்க வேண்டாம். முதலில் தேடிப் பாருங்கள், விசாரியுங்கள், பயன் உண்டு என்று தெரிந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். படித்துப் பட்டம் பெற்றவருக்குத்தான் இது என்று எண்ண வேண்டாம். விண்ணப்பதாரர் எத்தனையாம் வகுப்பு வரை படித்தார் என்பது சட்டத்துக்குத் தேவையில்லை. பொருள் புதியதா, பயனுள்ளதா என்பதைத்தான் அது பார்க்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எதையாவது திருத்திச் செய்து பார்ப்பவர் இருந்தால், இன்று இரவே அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள்.